நூற்றுக்கு எண்பத்து மூன்று மனசு

அகமானி வந்த மூன்றாவது வருஷத்தில், தலைவலி மாத்திரை வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் முதலில், “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார். முப்பது என்றால் மாத்திரை கிடைக்கும். எழுபது என்றால், “போய் நல்லாத் தூங்குங்க, சரியாயிரும்” என்கிற ஆலோசனை கிடைக்கும். நூற்பாலை சூப்பர்வைசர்கள் முதுகுவலிக்காரர்களிடம், “அறுபத்து நாலை வச்சுக்கிட்டு லீவு வேறயா? மனசை வீட்டுல விட்டுட்டு உடம்பை மட்டும் வேலைக்கு அனுப்பு” என்றார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு இன்னொரு சீட்டையும் நீட்டினார்கள். “பொண்ணுக்குப் பதினெட்டுதாங்க. காய்ச்சல் வந்தாக்கூட சுத்தமான காய்ச்சலா வரும்.”

ஒரு நோயில் உடம்பின் பங்கு எவ்வளவு, மனசின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி அது. நெற்றியில் ஒரு பட்டை, விரலில் ஒரு கவ்வி, ஊதுவதற்கு ஒரு குழாய். பதினோரு நிமிஷத்தில் சின்னத் திரையில் ஓர் எண் வரும். நூற்றுக்கு இவ்வளவு மனசு என்று அர்த்தம். அதற்கு அகக்கூறு என்று பெயர். ஐம்பதுக்குள் இருந்தால் ஆப்பரேஷன், ஊசி, மருந்து எல்லாம் உண்டு. ஐம்பதைத் தாண்டினால் முதலில் தொண்ணூறு நாள் அமைதிப் பிரிவு. மனசைச் சரிசெய்துவிட்டால் உடம்பு தானாக வழிக்கு வந்துவிடும் என்பது சித்தாந்தம்.

அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் பா. நீலமேகம், அகநோய் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். அவர் அறையில் இரண்டு பீரோக்கள். ஒன்றில் பொன்னாடைகள். இன்னொன்றில், முதல் பீரோவில் இடமில்லாமல் போன பொன்னாடைகள். திண்டுக்கல் வர்த்தகர்கள் சங்கம் அவருக்கு ‘உள்ளத்தின் உளவாளி’ என்று பட்டம் கொடுத்தபோது, இதற்கெல்லாம் தகுதியானவனா நான் என்று மேடையில் நெகிழ்ந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குள் புதிய லெட்டர்பேடு அச்சாகி வந்திருந்தது.

செண்பகம் அந்த மையத்தில் அளவீட்டாளர். நெற்றிப்பட்டை கட்டுவது, எண்ணைப் பதிவது, இறந்தவர்களின் கோப்பை முடித்து வைப்பது எல்லாம் அவள் வேலை. மையத்தில் பதினாறு வருஷ அனுபவம், அதில் அகமானியோடு மூன்று வருஷம். கருவி தப்பாகச் சொல்லும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. தராசு வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக அப்படித் தோன்றுவதில்லை.

அவள் கணவன் மருதையனுக்கு மூன்று மாதமாக வயிற்றுவலி. ‘மருதை சவுண்ட் சர்வீஸ்’ என்று ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். முப்பது வருஷமாக மேடை மேடையாக ஏறி, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” சொல்லிவிட்டு இறங்குவான். பேசுகிறவர்கள் பிறகு வருவார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர், மருதையனை வெளியே உட்காரவைத்துவிட்டு, வழக்கப்படி மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

“கணையத்துல கட்டி இருக்கும்மா. இப்பக்கூட எடுத்துடலாம். ஒரு மாசம் தாண்டினா கை வைக்க முடியாது.”

“எடுத்தா பிழைச்சுக்குவாராங்க?”

“வாய்ப்பு இருக்கு. நல்ல வாய்ப்பே இருக்கு. நீங்கதான் அகமானியில இருக்கீங்களே, வர்ற வெள்ளிக்கிழமையே அளந்துடுங்க. ஐம்பதுக்குள்ள வந்துட்டா அடுத்த வாரமே தியேட்டர். வந்துடும், பார்த்தா கலகலப்பான ஆளாத்தான் தெரியுறாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவர்கிட்ட எதுவும் சொல்லிக்க வேணாம்.”

இதை அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. நம் வீடுகளில் யாருக்கு நோய் வந்தாலும் அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர் நோயாளிதான். செண்பகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “குடல்ல புண்ணாம்” என்றாள்.

“நான் சொல்லல? உன் புளிக்குழம்புதான் காரணம்” என்றான் மருதையன்.

மறுநாள் அமைதிப் பிரிவில் இருப்பவர்களுக்கு மறு அளவீடு. அங்கே பச்சைச் சுவர், பச்சைத் திரை, பச்சை உடுப்பு. ஒலிபெருக்கியில் வீணை. சுவரெல்லாம் இயக்குநரின் பொன்மொழிகள்: ‘கவலை ஒரு கிருமி’, ‘வலி என்பது மனதின் வதந்தி’. காலை ஆறரைக்கு எல்லோரும் வரிசையாக நின்று பத்து நிமிஷம் சிரிக்கவேண்டும். நிற்க முடியாதவர்கள் படுத்தபடியே சிரிக்கலாம் என்று சலுகை இருந்தது.

பதினேழாம் கட்டிலில் புனிதவதி டீச்சர். நகராட்சிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், ஐம்பத்திரண்டு வயது. விலாவுக்குக் கீழே ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டேதான் பேசுவார். எண் எண்பத்து மூன்று.

“இன்னிக்கும் அதே எண்பத்து மூணுதான் டீச்சர்” என்றாள் செண்பகம், பட்டையை அவிழ்த்தபடி.

“குறையாதும்மா. எப்படிக் குறையும்? ஸ்கேன் படத்தைக் கையில குடுத்து, இது என்னன்னு சொல்லியும் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வீணையைக் கேளுன்னா?”

“படத்துல இருக்குங்களா?”

“நிழல் இருக்கு. எலுமிச்சம்பழ அளவு. ஆனா எண் எண்பத்து மூணு வந்துட்டதால, அந்த நிழல்ல எண்பத்து மூணு பங்கு மனசுன்னு எழுதியிருக்காரு உங்க டாக்டர். மிச்சம் பதினேழு பங்கையாவது வெட்டி எடுங்கன்னு கேட்டேன். கேலி பண்றேன்னு அதையும் மனசுக் கணக்குல எழுதிக்கிட்டாரு.”

செண்பகம் சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை.

“உன்னை ஒண்ணு கேட்கணும். இந்த வார்டுல முப்பத்தாறு பேரு இருக்கோம். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். எத்தனை பேர் வர்றாங்கன்னு என்னிக்காவது கவனிச்சியா?”

செண்பகம் யோசித்தாள். “யாரும் வர்றதில்ல.”

“எனக்குக் கல்யாணமாகல, கூடப்பிறந்தவங்க இல்ல. அந்தக் கட்டில்ல இருக்குறது ஒடிசாவுலருந்து மில்லு வேலைக்கு வந்த பொண்ணு. அதுக்கு அங்கிட்டு இருக்கறவரு ஆசிரமத்துல தனியா இருந்த வாத்தியாரு. எங்களுக்கெல்லாம் என்ன ஒற்றுமை தெரியுதா? டாக்டர் தனியாக் கூப்பிட்டுச் சொல்றதுக்கு எங்களோட ஒரு ஆளும் வரல. அதனால எங்ககிட்டயே சொல்லிட்டாரு.”

“அதுக்கும் எண்ணுக்கும் என்ன டீச்சர்?”

“எனக்குத் தெரியாது. நான் கணக்கு டீச்சர், டாக்டர் இல்ல. ஆனா ஒரு பையன் எல்லாக் கணக்கையும் ஒரே மாதிரி தப்பாப் போட்டான்னா, அவனைத் திட்டமாட்டேன். யார்ட்ட ட்யூஷன் படிக்கறேன்னு கேட்பேன். உங்க மெஷினு யார்ட்டம்மா படிச்சுது?”

செண்பகம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் ஆவண அறைக்குப் போனாள்.

அகமானிக்கு முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுக்கப் பயன்பட்ட நோயாளிகளின் கோப்புகள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. பாதிப் பேர் சந்தேகமில்லாமல் உடம்பு நோய்க்காரர்கள்: கட்டி, புற்று, கல்லீரல். ‘இதுதான் உடம்பு’ என்று அவர்களைக் காட்டித்தான் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எந்தச் சோதனையிலும் ஒன்றும் அகப்படவில்லை, ஆனால் வலி, பயம், தூக்கமின்மை. ‘இதுதான் மனசு’ என்று அவர்களைக் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

செண்பகம் உடம்பு நோய்க்காரர்களின் சம்மதப் படிவங்களைப் புரட்டினாள். முதல் படிவத்தில் நோயாளியின் கையெழுத்துக்குப் பதில் மகன் கையெழுத்து. இரண்டாவதில் மருமகன். மூன்றாவதில் கணவன். ஓரத்தில் விதவிதமான கையெழுத்துகளில் ஒரே சேதி: ‘அப்பாவிடம் சொல்லவேண்டாம்.’ ‘அம்மாவுக்குத் தெரியாது, வாயுத் தொல்லை என்று சொல்லியிருக்கிறோம்.’ ‘நோயாளிக்கு ஹார்ட் வீக், தயவுசெய்து.’ நானூற்று ஆறு படிவங்களையும் பார்த்தாள். நோயாளி கையெழுத்துப் போட்டவை ஒன்பது. அதில் நான்கு, கண் தெரியாமல் போட்டவை.

ஆக, புற்றுநோய் முற்றியவர்கள் எல்லாம் வாயுத்தொல்லை என்று நம்பி நிம்மதியாக ஊதியிருந்தார்கள். ஒன்றுமில்லாதவர்கள்தான் நடுங்கிக்கொண்டே ஊதியிருந்தார்கள். கருவி பாவம், பார்த்ததைப் படித்துக்கொண்டது. நிம்மதி என்றால் உடம்பு, பயம் என்றால் மனசு. தனக்கு என்ன என்று தெரிந்த நோயாளியைப் பார்த்தால், கட்டி எலுமிச்சம்பழ அளவா, தேங்காய் அளவா என்று அது கேட்பதில்லை. எண்பத்து மூன்று என்று சொல்லிவிடுகிறது.

மூன்று மணிக்கு டாக்டர் நீலமேகத்தின் அறையில் நின்றாள். அவர் ஆண்டு விழா அழைப்பிதழில் தன் பட்டங்களின் வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். இடையில் குறுக்கிடவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“உட்காருங்கம்மா” என்றார். “நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதைப் பாருங்க.”

சுவர்த்திரையில் ஒரு வரைபடம் எழுந்தது. “மூணு வருஷத்துல எண் ஐம்பதுக்கு மேல வந்தவங்க, கீழ வந்தவங்களைவிட நாலு மடங்கு அதிகமா இறந்திருக்காங்க. அகமானி யாரைச் சொல்லுதோ அவங்கதான் சாகுறாங்க. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? மனசு ஆளைக் கொல்லும்னு உலகத்துல யாரும் இவ்வளவு துல்லியமாக் காட்டினதில்ல.”

“சார், அவங்களுக்கு நாம ஆப்பரேஷனே பண்ணலையே.”

“அது அறுவைத் துறை. நம்ம துறை வேற.”

“தப்புன்னு நான் எழுதிக் கொடுத்தா, சார்?”

“தாராளமா எழுதுங்க. அது உங்க உரிமை. நானே கையெழுத்துப் போட்டு மேல அனுப்புறேன். விசாரணைக் கமிஷன் போடுவாங்க. அது முடியற வரைக்கும் எல்லா அளவீட்டையும் நிறுத்துவாங்க. அளவீடு இல்லாம ஆப்பரேஷன் கிடையாது, அதுதான் விதி. ஒரு வருஷமாவது ஆகும்.” மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரர் பேரு லிஸ்டுல இருக்குன்னு பார்த்தேன்.”

செண்பகம் எழுந்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்ப என்ன கவலை? தெரியாமலே பார்த்துக்கங்க. உங்க வாதப்படியே அவர் பிழைச்சுக்குவாரே!” அவர் முகத்தில் உண்மையான அன்பு தெரிந்தது.

அன்று சாயங்காலம், பார்வையாளர் யாருமில்லாத நாலு மணிக்கு, அவள் டீச்சரின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்காமல் மருதையனைப் பற்றியும் சொன்னாள்.

“ரெண்டே வாரம் டீச்சர். ஆப்பரேஷன் முடிஞ்ச அன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன். பேப்பருக்கும் குடுக்கறேன். இப்ப வெளிய வந்தா அவருக்குத் தெரிஞ்சுரும். பேப்பர்ல ஒரு வரி விடாமப் படிக்கற மனுஷன்.”

டீச்சர் விலாவை அழுத்தியபடி கூரையைப் பார்த்தார். வீணை ஓடிக்கொண்டிருந்தது.

“ரெண்டு வாரம்தானே” என்றார். “இருக்கேன்.”

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாட்கள் இருந்தன. அந்த நான்கு நாளும் செண்பகத்துக்குப் பெரிய எதிரி நோயல்ல, சொந்தக்காரர்கள். சேதி எப்படியோ கசிந்து, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் புறப்பட்டு வந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து பேச்சியத்தை கிளம்பிவிட்டாள் என்று போன் வந்ததும் செண்பகம் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கே ஓடினாள். பேச்சியத்தை மருதையனின் அப்பாவோடு பிறந்தவள். காய்ச்சல்காரனைப் பார்க்கப் போனாலும் வாசற்படியிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிடுவாள்.

“அத்தை, அழக்கூடாது. கண்ணு கலங்கக்கூடாது. வெறும் புண்ணுன்னு சொல்லியிருக்கு. சிரிச்ச முகமா வரணும்.”

“எம் மருமகனுக்கு இப்படின்னு கேட்டுட்டு நான் சிரிக்கணுமாடீ?”

“சிரிச்சாத்தான் அவரு உசுரோட இருப்பாரு.”

பேச்சியத்தை சிரித்த முகத்தோடு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து பல் மூடவில்லை. மருதையன் எதைச் சொன்னாலும் சிரித்தாள். தண்ணி வேணுமா என்றதற்கும் சிரித்தாள்.

“என்னத்தை, புதுப் பல்லு கட்டியிருக்கியா?” என்றான் அவன்.

“ஒனக்கென்னடா, புண்ணுதேன! எங்க பெரியண்ணனுக்கும் இப்படித்தேன் வயித்தைப் புடிச்சுக்கிட்டே கெடந்து…” நிறுத்திக்கொண்டாள்.

“பெரியப்பா நல்லாத்தான இருக்காரு?”

“அதேன் சொல்றேன்! இருக்காருல்ல? அது மாதிரி நீயும் இருப்ப!”

மருதையன் அத்தையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பேச்சியத்தை சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அவன் வராந்தாவில் உட்கார்ந்து மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். செண்பகம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

“செண்பகம், இங்க உக்காரு. வர்றவன் பூராம் பல்லைக் காட்டுறான். துக்க வீட்டுக்கு மைக் கட்டப் போனாக்கூட எனக்கு இவ்வளவு பயமா இருந்ததில்ல. நீ அளக்கறவ. உன்கிட்டக் கேட்டாத்தான் சரியா இருக்கும். இது வெறும் புண்ணுதானா?”

வாசலில் காய்கறி வண்டி போய்க்கொண்டிருந்தது. அது தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்தாள்.

“புண்ணுதாங்க. கொஞ்சம் பெரிய புண்ணு. வெட்டி எடுத்துட்டாச் சரியாயிரும்.”

“அவ்வளவுதான?”

“அவ்வளவுதான். சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காம காபியைக் குடிங்க, ஆறுது.”

“நீ சொன்னாச் சரி” என்று அவன் வயரைச் சுற்ற ஆரம்பித்தான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில், இந்த நோய் வரும்வரை, அவள் அவனிடம் பொய் சொன்னதில்லை. இப்போது சொன்ன பொய்க்கு இருந்த பலம் அத்தனையும் அதிலிருந்து வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை அகமானி இருபத்தொன்று காட்டியது. புதன்கிழமை ஆப்பரேஷன். கணையத்தில் ஒரு பகுதியையும் கட்டியையும் எடுத்தார்கள். சுத்தமாக வந்துவிட்டது என்றார் சர்ஜன். செண்பகம் ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரில் சாய்ந்து அழுதாள். வருகிறவர் போகிறவர் யாரும் தடுக்கவில்லை. நோயாளி மயக்கத்தில் இருந்ததால் அழுவதற்கு அனுமதி இருந்தது.

பிறகு சர்ஜன் ஒரு சீட்டு எழுதினார். கட்டி திரும்பாமலிருக்க மாதம் ஒரு மருந்து ட்ரிப்ஸ், ஆறு மாதம். ஒவ்வொரு ட்ரிப்ஸுக்கும் முன்னால் புதிய அளவீடு. ஐம்பதுக்குள் இருக்கவேண்டும்.

அவள் டீச்சரிடம் போய்ச் சொன்னாள். “ஆறு மாசம்ங்கறாங்க டீச்சர்.” டீச்சர் அப்போது படுத்தபடி சிரிக்கும் சலுகைக்கு மாறியிருந்தார். தொண்ணூறு நாள் முடிந்து, எண் குறையாததால் இன்னொரு தொண்ணூறு எழுதியிருந்தார்கள். “ம்” என்றார்.

நான்காவது ட்ரிப்ஸ் முடிந்த வாரத்தில் அகமானியின் ஆண்டு விழா. மருதை சவுண்ட் சர்வீஸ்தான் மைக். ஆனால் இந்த முறை மருதையனுக்கு மேடையில் நாற்காலியும் போட்டிருந்தார்கள், அழைப்பிதழில் பெயரும் இருந்தது: ‘குறைந்த அகக்கூறால் மறுவாழ்வு பெற்றவர்’. முடி கொட்டிய தலையில் தொப்பி, புதுச் சட்டை. முடி ஏன் கொட்டுகிறது என்று கேட்டபோது, மருந்துச் சூடு என்று செண்பகம் சொல்லியிருந்தாள். முன்வரிசையில், உற்சாகம் ஊட்டுவதற்காக, அமைதிப் பிரிவுக்காரர்களைப் பச்சை உடுப்போடு சக்கர நாற்காலிகளில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முப்பத்தாறு பேரில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மீதிப் பேர் வர முடியாதவர்கள் என்று தொகுப்பாளர் சொன்னார். அது உண்மைதான்.

“ஹலோ, ஹலோ” என்றான் மருதையன், பழக்க தோஷத்தில். கூட்டம் சிரித்தது. “முப்பது வருஷமா இதை மட்டும்தான் பேசியிருக்கேன். இதுக்கு மேல பேச இன்னிக்குத்தான் விட்டிருக்காங்க. எனக்குக் குடல்ல புண்ணு. டாக்டர் ஐயா என் மனசை அளந்து பார்த்து, இருபத்தொண்ணுதான் இருக்கு, பயப்படாதேன்னாரு. நானும் பயப்படல. இந்தா நிக்கிறேன்.” கைதட்டல். அவன் குரல் ஏறியது. “முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கவலையை விடுங்க. கவலைதான் உங்களுக்கு நோவு. மனசு சுத்தமா இருந்தா எந்தச் சீக்கும் நம்மள ஒண்ணும் பண்ணாது!”

மண்டபம் அதிர்ந்தது. செண்பகம் பக்கவாட்டில் நின்று தானும் தட்டினாள். தட்டாமல் நின்றால் அவன் பார்ப்பான்.

புனிதவதி டீச்சர் கையைத் தூக்கினார். தொகுப்பாளர் ஓடிப்போய் மைக்கைக் கொடுத்தார். செண்பகத்தின் கைகள் தட்டிய நிலையிலேயே நின்றுவிட்டன.

“தம்பி, ஒரு சந்தேகம். உங்களுக்கு என்ன வியாதின்னு சொன்னீங்க?”

“குடல் புண்ணுங்க டீச்சர்.”

டீச்சர் அவனைப் பார்த்தார். தொப்பியை, அதற்குக் கீழே புருவம் இல்லாத முகத்தை, புதுச் சட்டையை. செண்பகத்தைப் பார்க்கவில்லை.

“இப்ப வலி இல்லையே?”

“சுத்தமா இல்லைங்க.”

“நல்லா இருங்க தம்பி” என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

டாக்டர் நீலமேகம் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். “பார்த்தீர்களா? எண்பத்து மூன்று! எண்பத்து மூன்றில் இருந்த ஓர் உள்ளம் இன்று வாழ்த்துகிறது! அமைதிப் பிரிவின் சாதனைக்கு இதைவிட…” அவருக்கு இன்னொரு பொன்னாடை வந்தது.

விழா முடிந்ததும் செண்பகமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனாள். வழியில் அழுகை வந்தது.

“கும்பிடுறேன் டீச்சர். அவருக்காக…”

“உன் வீட்டுக்காரருக்காகன்னு நினைச்சுக்காதே” என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது. “நல்ல மனுஷன்தான். ஆனா அதுக்காக இல்ல. நான் அங்க உண்மையைச் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? எண்பத்து மூணு பேசுதுன்னுதான சொல்லியிருப்பாங்க? அந்தாளு பயந்து போயி ஐம்பதைத் தாண்டுவாரு, அவ்வளவுதான் பலன். இதை நான் சொன்னா எடுபடாதும்மா. நீதான் சொல்லணும்.”

“இன்னும் ரெண்டே ட்ரிப்ஸ் டீச்சர். முடிஞ்ச அன்னைக்கே…”

“சரி.”

“சத்தியமா டீச்சர்.”

“சரின்னுட்டேன்ல? தள்ளு. வீணை போட்டுருவாங்க.”

ஆறாவது ட்ரிப்ஸ் முடிந்தது. சர்ஜன் படத்தைப் பார்த்து, பிரமாதம் என்றார். “இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டா போதும். திரும்பி வர்ற ஜாதி இது. வந்தா உடனே எடுத்துடலாம். ஒரு அஞ்சு வருஷம் கவனமா இருக்கணும். ஒவ்வொரு தடவையும் அளவீட்டோட வாங்க. ஐம்பதுக்குள்ள.”

“அஞ்சு வருஷமா?” என்றாள் செண்பகம்.

“நீங்கதான் பிரமாதமாப் பார்த்துக்கறீங்களே.”

அடுத்த மூன்று மாதத்தில் அமைதிப் பிரிவில் முப்பத்தாறு கட்டில்களுக்கு ஐம்பத்திரண்டு பேர் வந்து போனார்கள். ஊரிலும் சிறு மாற்றம் தெரிந்தது. தன் நோய் தெரிந்தவர்களுக்கே எண் ஏறுகிறது என்பது அனுபவத்தில் பிடிபட்டிருந்தது. டாக்டர்கள் நோயாளியோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். தனியாக வருகிறவர்கள், வாசலில் டீக்கடையில் யாரையாவது பிடித்து, அரைமணி நேரம் எனக்கு அண்ணனாக வந்து கேட்டுவிட்டுப் போங்கள், என்னிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சத் தொடங்கினார்கள். ஊரில் யாருக்கு என்ன நோய் என்று அவரவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மருதையனின் அளவீட்டு நாளன்று காலை, செண்பகத்தின் மேஜையில் முடிக்கவேண்டிய கோப்பு ஒன்று இருந்தது. பதினேழாம் கட்டில். அதிகாலையில் நடந்திருந்தது. உடலைப் பெற்றுக்கொள்ள வந்தவர் என்ற இடத்தில், பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்து.

அவள் கணினியில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பெயர், வயது, கட்டில். இறப்புக் காரணம் என்ற கட்டம் அவளாக நிரப்ப வேண்டியதில்லை, எண்ணைக் கொடுத்தால் தானே வரும். எண்பத்து மூன்று என்று அடித்தாள். ‘அகக்கூறு மிகுதி’ என்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. திரையின் ஓரத்தில் அகமானியின் துல்லியத்தைக் காட்டும் எண் ஒரு கணம் யோசித்தது. தொண்ணூற்றேழு புள்ளி மூன்றாக இருந்தது, தொண்ணூற்றேழு புள்ளி நான்கு ஆனது.

அந்த நான்கைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள்.

“செண்பகம்!” வெளியே காத்திருப்போர் பெஞ்சிலிருந்து மருதையனின் குரல். எழுந்து கதவருகே வந்தாள். முடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? எனக்கு ஏதாவதா?”

“உங்களுக்கென்ன?” என்றாள் செண்பகம்.

சிரித்தாள். ஒன்பது மாதமாகச் சிரித்துச் சிரித்து அது இப்போது கண்வரைக்கும் வந்தது. அவனும் சிரித்தான். அவள் நெற்றிப்பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “வாங்க, உங்க முறைதான்” என்றாள்.